எங்கள் வீட்டிலும் இதுதான்

மார்கழி 5, வெள்ளி

பனி. கடை ஷட்டரைத் தொட முடியவில்லை, அப்படி ஒரு சில்லிப்பு. செங்கம் பஸ் லேட். அதில் வரவேண்டிய ஒயர் பெட்டியும் லேட்.

வாங்க: இன்சுலேஷன் டேப், பல்பு ஹோல்டர். வீட்டுக்கு நல்லெண்ணெய், தீப்பெட்டி.

கீசர் ஒன்று போனது. புதூர்நாட்டுக்காரர், ஜீப்பில் வந்தவர். சூடு எவ்வளவு என்று எண்ணில் காட்டும் புது மாடல். பெட்டியைத் தட்டிப் பார்த்து, “நம்பி வாங்கலாமாங்க?” என்றார்.

“எங்க வூட்லயே இதாங்க.”

யோசிக்கவே இல்லை. தானாக வந்துவிட்டது. கீசர் வாங்க வருகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது செம்பு பாய்லர். சரசு கல்யாணச் சீரில் கொண்டுவந்தது. நடுக்குழாயில் சுள்ளியும் கொட்டாங்கச்சியும் போட்டுப் பற்றவைக்க வேண்டும். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்து மூக்கில் ஒரு செம்பு வெந்நீர் வரும். கெட்டுப்போக அதில் ஒன்றுமே கிடையாது. இன்று காலையும் அதில் சுகமாகக் குளித்துவிட்டுத்தான் கடைக்குப் போய் இப்படிச் சொன்னேன். எழுதும்போதே காது சுடுகிறது.

மார்கழி 6, சனி

மூடுபனி. கரண்ட் வருவதும் போவதுமாக.

தேன்மொழி டீச்சர் கடைக்கு வந்தாள். எங்கள் பின் தெரு. கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை. ஐப்பசியில் நம்மிடம் கீசர் வாங்கியவள். ஏற்கெனவே ஒரு தடவை உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போய் மாற்றியாயிற்று. இப்போது அதுவும் போய்விட்டதாம்.

“நம்பரு மின்னிக்கினே இருக்குதுண்ணா. தண்ணி மட்டும் காயவே மாட்டேங்குது. கொழந்தைக்குச் சளி வேற.”

கம்பெனிக்குப் போன் போட்டேன். போர்டு அடுத்த வாரம் வரும் என்றார்கள். போன தடவையும் இதையேதான் சொன்னார்கள்.

போனை வைத்த பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “எங்க வூட்ல இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லயே டீச்சர்” என்றேன். கீசரைக் குறை சொல்லிவிடுவாளோ என்ற பயம். கடையில் வேறு ஆள் நின்றிருந்தார்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். “சரிண்ணா.”

நம்பிவிட்டாள் போல. நம்பியதுதான் என்னவோ செய்தது.

சாயங்காலம் சரசுவிடம் பாய்லரை ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிவைக்கச் சொன்னேன். தெருவில் போகிறவர் கண்ணில் படுகிறது என்றேன்.

“பாய்லர மறைச்சிடுவீங்க. பொகைய இன்னா பண்ணுவீங்க? சாக்குல கட்டி வெப்பீங்களா?”



மார்கழி 7, ஞாயிறு

கடை லீவு. வெயில் தாமதமாகத்தான் வந்தது.

ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பொய்யை நிஜமாக்கிவிடுவது. கடையிலிருந்து ஒரு கீசர் எடுத்துவந்து பாத்ரூமில் நானே மாட்டினேன். சுவரில் துளை, குழாய், ஒயர், எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது. என் கைவேலையில் குறை சொல்ல முடியாது.

பாய்லரைக் காலிசெய்து ஷெட்டுக்குள் தள்ளி, மேலே தார்பாய் போட்டு மூடினேன். சரசு வாசற்படியில் நின்று பார்த்தாள்.

“ரெண்டு நாளு இருக்கட்டும்ங்க வெளியவே.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

இவளுக்குச் சீர்ப்பாத்திரத்தின் மேல் பாசம் என்று நினைத்துக் கிண்டல்கூடச் செய்தேன். நாளையிலிருந்து யாரிடம் வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்லலாம். நிம்மதியாக இருக்கிறது.

மார்கழி 8, திங்கள்

கடும் பனி. காலையில் ஊரே மோட்டார் போடுகிற நேரம், வோல்டேஜ் விழுந்துவிட்டது.

கீசரில் எண் ஏறியது. நின்றது. இறங்கியது. எண் காட்டும் கண்ணாடியில் ஏதோ ஒரு எழுத்து மின்னியது. பிறகு இருட்டு. உடம்பெல்லாம் சோப்பு. பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. வெளியே போய்ச் சரசுவிடம் “நல்ல சூடு” என்று சொல்லவேண்டும் என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மானம் கெட்டவன்.

அப்போது பின்வாசலில் பேச்சுக் குரல். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

சரசு: “இன்னிக்குச் சுடுதண்ணி இல்ல டீச்சர். பாய்லர உள்ள தூக்கிப் போட்டுட்டாரு. புதுசு மாட்டிக்கீறாரு.”

டீச்சர்: “பரவால்லக்கா. கேஸும் தீந்து போச்சு, சிலிண்டர் நாளைக்குத்தான் வருமாம். இன்னிக்கு ஒரு நாளு ஈரத்துணியில தொடச்சி வுட்டுர்றேன்.”

“இரு, அடுப்புல கொஞ்சம் வெச்சித் தர்றேன்.”

“இல்லக்கா, ஸ்கூலுக்கு நேரமாச்சி. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், சங்கடப்படுவாரு.”

அப்போதுதான் புரிந்தது. கீசர் நின்ற நாளிலிருந்து தினமும் தூக்குவாளியோடு வந்து எங்கள் பாய்லர் வெந்நீரைத்தான் குழந்தைக்கு எடுத்துப்போயிருக்கிறாள். தொந்தரவே இல்லை என்று நான் கடையில் அளந்தபோது, அன்று காலை எடுத்துப்போன வெந்நீர் அவள் வீட்டில் ஆறியிருக்காது. தலை குனிந்தது நம்பியதால் இல்லை. என் முகத்தைப் பார்க்க அவளுக்குத்தான் கூச்சம்.

துண்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். சரசுதான் தட்டினாள். “வெளிய வாங்க, வெறச்சிடப் போறீங்க.”

மார்கழி 9, செவ்வாய்

பனி. விடிவதற்கு முன்னாலேயே பாய்லரை வெளியே இழுத்தேன். முன்பக்கம், தெரு பார்க்க. அவசரத்தில் தண்ணீர் ஊற்றாமலே பற்றவைக்கப் போனேன். சரசு கையைத் தட்டிவிட்டாள். “ஈயம் உருகிப் பூடும். கடக்காரரு பாரு!”

தீ சரியாகப் பிடிக்கவில்லை. புகை தெருவெல்லாம் போனது. போகட்டும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னாங்க, கீசரு கடைக்காரரு வூட்ல பொகை?” என்றார். ஆமாம் என்றேன்.

வெந்நீரைத் தூக்கில் பிடித்து நானே எடுத்துப்போனேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதைத் தயார் செய்துகொண்டேன். பொய் சொன்னேன் டீச்சர். பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன். இவ்வளவுதான். இரண்டு வரி.

கதவைத் திறந்தவள் என்னையும் தூக்கையும் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. இடுப்பில் குழந்தை, மூக்கு ஒழுக.

“அக்காவத் திட்டாதீங்கண்ணா. நாந்தான் கேட்டேன். உங்களுக்குத் தெரியாம எடுத்துக்கினு வந்தது தப்புதான், மன்னிச்சிக்கங்க. கீசரு ஓடலன்னு நான் யார்கிட்டயும் வாய் தொறக்கலண்ணா. உங்க யாவாரம் கெட்டுடக் கூடாதுன்னு.”

அந்த இரண்டு வரி வாயில் வரவில்லை. தூக்கின் கைப்பிடி சுட்டது. கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.