பிரிக்காத பொட்டலம்

புதுச்சத்திரம்,
18.1.1987

அன்புத் தங்கை செல்லாயிக்கு,

அண்ணன் சென்னியப்பன் எழுதிக்கொள்வது. எழுதுவது என்று சொன்னேனே தவிர, கை என் மகள் அங்கம்மாளுடையது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. எதிரில் வருகிறவர் யாரென்று குரல் கேட்டுத்தான் தெரிகிறது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நீ எழுதினாலும் அவள்தான் படித்துக் காட்ட வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் சண்முகவேலும் நல்லபடியாக இருப்பீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது, நீதான் ஒரு வரி போடுவதில்லையே. இங்கே பொங்கல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மழை ஏமாற்றிவிட்டது. கிணறு வற்றிப் போய், ஐப்பசியில் போர் போட்டோம். முந்நூறு அடி வரைக்கும் வெறும் புழுதியாகவே வந்தது. எருமைகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டிவிட்டேன். கட்டுத்தறியில் இப்போது ஒன்றுதான் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கம்மாளுக்கு இருபது முடிகிறது. சண்முகவேலுக்கு அவள் உரிமைப் பெண். அவளைத் தன் அண்ணன் வீட்டுக்கே கொடுக்க வேண்டும் என்று அவள் அம்மா ராசம்மாளுக்கும் ஆசை. மாசி மாதம் நம் கோயிலில் வைத்துப் பூ கேட்போம். குழந்தை எடுக்கிற பொட்டலத்தில் சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் விட்டுவிடலாம்.

கல்யாணமாகிப் போனதிலிருந்து நீ அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். சாமி மேல் உனக்கு என்ன கோபம்?

அண்ணன்
சென்னியப்பன்


பள்ளிபாளையம்,
29.1.1987

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

செல்லாயி எழுதுகிறேன். கண் புரையை ஈரோட்டில் இப்போது நன்றாக எடுக்கிறார்கள். வந்தால் சண்முகவேல் அழைத்துப் போவான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுத மனசு இருக்காது.

சாமி மேல் என்ன கோபம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்தேழு வருஷம் கழித்தாவது கேட்கத் தோன்றியதே, சந்தோஷம்.

எனக்கு இரண்டு இடத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. ராசிபுரத்துக்காரருக்கு இரண்டு கிணறும் தென்னந்தோப்பும் இருந்தது. பள்ளிபாளையத்துக்காரருக்கு லாரியில் கிளீனர் வேலை. ஆனால் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், அவள்தான் வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நின்றீர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்போம் என்றார்கள் அவர்கள். அப்பாவுக்கு முடிவு செய்யத் தெரியாமல் சாமியிடம் விட்டார். வெள்ளை அரளி வந்தால் ராசிபுரம், சிவப்பு அரளி வந்தால் பள்ளிபாளையம். இரண்டு பொட்டலத்தில் பூசாரியின் சின்ன மகள் எடுத்ததில் சிவப்பு இருந்தது. வெள்ளை, வெள்ளை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றவள் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

சரி, சாமி சொன்ன இடம் என்றுதான் வந்தேன். மறு வருஷமே இவர் லாரி மேலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். என் பெரியவளுக்கு அப்போது எட்டு மாதம். எனக்குப் பால் நின்றுவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி உங்கள் வாசலுக்கு வந்தேன். அன்றைக்கு உங்கள் கட்டுத்தறியில் நாலு எருமை கறந்துகொண்டிருந்தது. இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட எனக்கு மறக்கவில்லை.

"சாமி பூக் குடுத்துக் காட்டுன எடம் அம்மிணி அது. அங்கதான் இருக்கோணும். பொறந்த ஊட்டுல வந்து ஒக்காந்தா சாமி குத்தமாயிரும். கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அடுத்த மாதம் பெரியவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அடுத்தவர் தறிக்கு, குச்சியில் நூல் ஏற்றித் தார் சுற்றினேன். அட்டாலிப் பரண் மேல் பஞ்சும் தூசியுமாக இருமி இருமிச் சுற்றினேன். சண்முகவேல் வயிற்றிலிருக்கும்போதும் சுற்றினேன். இன்றைக்கு எங்களுக்கே ஆறு தறி ஓடுகிறது. அது எந்தச் சாமியும் கொடுத்ததில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை அண்ணா. சாமி சொன்னதை நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள், அவ்வளவுதான். என் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தச் சாமி மேல்தான். தினமும் அதைத் திட்டிவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைக்கிறேன்.

பெண் பேசுவதானால் பேசலாம். பூ மட்டும் என் காதில் விழக்கூடாது.

செல்லாயி


புதுச்சத்திரம்,
9.2.1987

தங்கை செல்லாயிக்கு,

உன் கடிதத்தை அங்கம்மாள் மூன்று முறை படித்தாள். நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தினமும் சாமியைத் திட்டுகிறாய் என்பதைக் கேட்டபின் சோறு இறங்கவில்லை.

இதை என் மகள் கையால் எழுத வைப்பது எனக்குத் தண்டனைதான். வேறு கை இல்லை. எழுது அம்மிணி, நிறுத்தாதே.

அன்றைக்குப் பூவைப் பொட்டலம் கட்டியவன் நான். இரண்டிலும் சிவப்பு அரளியைத்தான் வைத்துக் கட்டினேன். வெள்ளையைக் கோயிலுக்குப் பின்னால் செடிக்குள் வீசிவிட்டேன். குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுத்ததும், இன்னொன்றையும் பிரித்துப் பார்ப்போம் என்றார் அப்பா. சாமி வேண்டாம் என்று தள்ளினதைப் பிரித்தால் ஆகாது என்று சொல்லி, அதைப் பிரிக்காமலே கோயில் கிணற்றில் போட்டவனும் நான்தான். ராசம்மாள் கிடைக்காமல் போய்விடுவாள் என்ற பயம் என்னை ஆட்டியது. அவளுக்கு இது இன்றுவரை தெரியாது. நாளைக்குத் தெரிந்துவிடும், அங்கம்மாள் சொல்லிவிடுவாள்.

நீ பிள்ளையோடு வந்த அன்றைக்கு உன்னை வீட்டுக்குள் விட்டால் நான் செய்தது என் கண்ணெதிரிலேயே உட்கார்ந்திருக்கும் என்று பயந்தேன். அதனால்தான் சாமி பேரைச் சொல்லி அனுப்பினேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை செல்லாயி. நான் சொன்னது.

என்ன வேண்டுமானாலும் எழுது.

சென்னியப்பன்


பள்ளிபாளையம்,
14.2.1987

அண்ணனுக்கு,

மூன்று நாளாக என் தறிகள் ஓடவில்லை. ஆள்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். உடம்புக்கு என்ன என்று இவர் கேட்கிறார். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு பாவமும் அறியாத சாமியை இருபத்தேழு வருஷம் வாயாரத் திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியது. சேர்த்துவிட வழி கண்டுபிடித்துவிட்டேன்.

பூ கேட்கலாம். மாசி முப்பதாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். பொட்டலத்தை இந்த முறை நான் கட்டுகிறேன், அதுதானே நியாயம்.

இரண்டிலும் சிவப்புத்தான் கட்டுவேன். உங்கள் மகள் என் வீட்டுக்கு வரட்டும். அவளுக்கு என் ஆறு தறிக்கும் தார் சுற்றும் வேலை வைத்திருக்கிறேன். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் சுற்றட்டும். அவள் அழுவாள். ஒரு நாள் தாங்காமல் உங்கள் வாசலுக்கு வந்து நிற்பாள். அன்றைக்கு நான் அவள் பின்னாலேயே வருவேன். "சாமி பூக் குடுத்துக் காட்டுன எடம், அங்கதான் இருக்கோணும், கெளம்பு" என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதை நான் நின்று கேட்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். இதைப் படித்துக் காட்டுகிறவளும் நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

கோயிலைக் கழுவி வையுங்கள். சனிக்கிழமை வந்துவிடுவேன்.

செல்லாயி


புதுச்சத்திரம்,
20.2.1987

என் அன்புத் தங்கை செல்லாயிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ வருகிறாய் என்று அங்கம்மாள் படித்ததும் ராசம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு வாரமாக என்னோடு பேசாமல் இருந்தவள் அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் புள்ளையப் பாப்பீங்க?" என்று கேட்டாள். பார்க்கத்தான் கண் இல்லையே என்றேன். அதற்கும் திட்டினாள்.

பொட்டலத்தை நீ கட்டுவதாக எழுதியிருக்கிறாய். ரொம்ப சரி. திட்டி எழுதுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன், இவ்வளவு சுருக்கமாக விட்டுவிட்டாயே. உனக்குப் பெரிய மனசு.

கோயிலுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்காக வாசலில் நிற்பேன்.

அண்ணன்
சென்னியப்பன்

அத்தைக்கு,

இதை நானாக எழுதுகிறேன், அப்பா சொல்லி அல்ல. உங்கள் கடிதத்தில் ஏழெட்டு வரிகளை நான் அப்பாவுக்குப் படிக்கவில்லை. எந்த வரிகள் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவளைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கேட்டதிலிருந்து அவர் பால் தொடுவதில்லை. இதையும் கேட்டால் தாங்கமாட்டார்.

அப்பா சொல்லச் சொல்ல அந்தப் பொட்டலத்தைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அது இல்லாவிட்டால் நான் பிறந்திருக்க மாட்டேன். அதற்கு உங்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. தார் சுற்ற எனக்குக் கொஞ்சம் வரும். மீதியைப் பழகிக்கொள்கிறேன்.

அங்கம்மாள்


பள்ளிபாளையம்,
27.2.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கம்மா, இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அப்பாவுக்குப் படி. போன கடிதத்தில் நீ விட்ட வரிகளை முதலில் படித்துவிட்டு இதைப் படி. நான் எவ்வளவு கெட்டவள் என்று எங்கண்ணனுக்கும் தெரியட்டும். எனக்குப் பெரிய மனசு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

என்ன அண்ணா, கேட்டீர்களா? அதைத்தான் செய்வதாக இருந்தேன். சிவப்பு அரளி எந்தச் செடியில் பறிப்பது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். அங்கம்மாளுடைய நாலு வரி வந்த பிறகும் கோபம் இறங்கவில்லை. இந்தப் பெண் என்னை நல்லவளாக்கிவிட்டதே என்று இன்னும் எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சலில்தான் இவரிடம் போட்டு உடைத்தேன். இவர் தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழை முடிந்துகொண்டிருந்தார். உங்க மச்சான் செஞ்ச வேலையப் பாருங்க என்று உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். என்னோடு சேர்ந்து உங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த இழை அறுந்துபோனதைக்கூடக் கவனிக்கவில்லை. "அப்ப உன்னைய எனக்குக் குடுத்தது சாமி இல்லியா அம்மிணி?" என்று கேட்டார்.

இவர் வெள்ளிக்கிழமை தவறாமல் தேங்காய் உடைப்பார். நான் கேலி செய்வேன். என்ன வேண்டுதல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார். இடுப்பொடிந்து கிடந்தவனை விட்டுப் போகாத பெண்டாட்டியைச் சாமி தன் கையால் எடுத்துக் கொடுத்தது என்று நன்றி சொல்லத்தானாம். நான் திட்டிக்கொண்டிருந்த அதே பூவுக்கு இவர் இத்தனை வருஷமும் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பு.

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "சாமிதானுங்க குடுத்துச்சு. எங்கண்ணன் கையில வாங்கிக் குடுத்துச்சு" என்றேன். மனுசனைத் தேற்றுவதற்குச் சொன்னதுதான். சொல்லிவிட்ட பிறகு அது பொய் என்று என்னால் நினைக்க முடியவில்லை அண்ணா.

அந்த ராசிபுரத்துக்காரரை நாலு வருஷத்துக்கு முன் ஈரோட்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நல்ல மனுசன், பெண்டாட்டி பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருந்தார். பார்த்துவிட்டு என் பஸ்ஸில் ஏறிவிட்டேன். இப்போது வெள்ளைப் பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்து, இதைப் பிரி, பழையபடி ஆகிவிடும் என்று சாமியே சொன்னாலும் பிரிக்க மாட்டேன். அதைப் பிரித்தால் இவர் இல்லை, சண்முகவேல் இல்லை, அந்த எட்டு மாதப் பெண்ணை நான் தூக்கியிருக்கவே மாட்டேன். அங்கம்மாளும் இல்லை. நீங்கள் செய்தது அயோக்கியத்தனம். ஆனால் நீங்கள் கட்டிய பொட்டலம் சாமிக்குத் தெரியாமலா அதன் காலடியில் இருந்திருக்கும்? தெரிந்துதான் வாங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் திருட்டுக்குள்ளேயும் எனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது.

பெரியவளை ஏன் எடுத்துக்கொண்டது என்பதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதை நேரில் கேட்கத்தான் கோயிலுக்கு வாரேன். பதில் சொல்லாவிட்டாலும் கேட்டுவிட்டு வருவேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உங்களை வைய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. வீட்டுக்கு வந்து நங்கையா ராசம்மாள் முன்னாலேயே வைவேன். பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். வைதுவிட்டு உங்கள் வீட்டில் சாப்பிடுவேன். அந்த ஒற்றை எருமை கறந்தால் நீங்கள் முதலில் ஒரு டம்ளர் குடியுங்கள். குடிக்காமல் இருந்தால் என் பிள்ளை திரும்பி வரப்போவதில்லை. திரும்பும்போது உங்களையும் கையோடு அழைத்து வருகிறோம். கண் வைத்தியம் முடிகிறவரைக்கும் இங்கே என் வீட்டில்தான் இருக்க வேண்டும். எத்தனை மாதமானாலும் போ என்று சொல்ல மாட்டேன்.

அங்கம்மா, இனி உனக்கு. நான் உனக்கு எழுதிய அந்த வரிகளுக்கு நானும் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல்தான் இருக்கிறேன். பூ கேட்கப் போவதில்லை. உன்னைக் கேட்கிறேன். சண்முகவேலைக் கட்டிக்கொள்ள உனக்கு இஷ்டமா? அவனிடம் கேட்டேன். "மொதல்ல அங்கம்மாளக் கேளுங்கம்மா" என்றான். இஷ்டமில்லை என்றாலும் நான் வருவேன், உங்கள் வீட்டில் சாப்பிடுவேன், உன் மேல் ஒரு வருத்தமும் இருக்காது.

பதிலை நீயே எழுது. அப்பா சொல்லச் சொல்ல எழுதாதே.

அத்தை
செல்லாயி