மாரீஸ்வரி போட்ட படிக்கோலம்

ஜனவரி 16, வியாழன்
பொங்கல் வந்து போனதே தெரியவில்லை. என் பிள்ளை மாரீஸ்வரி காமாலையில் போய் மூன்று மாசம். எஸ்டேட் லயத்து வீடுகளில் எங்கள் வாசலில் மட்டும் கோலம் இல்லை.
நான் வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேக்கு இன்று ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். பேர் ரூத்து. எழுபது வயசு இருக்கும். பத்து நாள் பீர்மேட்டில் தங்குவாராம். அங்கே முன்படியில் மாரீஸ்வரி போன லீவில் சிவப்புப் பெயிண்டால் போட்ட சுவஸ்திக் கோலம் இருக்கிறது. அதை மிதிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு காலை எட்டி வைத்து உள்ளே போனார். நம் ஆட்களே செருப்போடு மிதிக்கிறார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜனவரி 17
இன்றும் மிதிக்கவில்லை. அவருக்கு மட்டும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 18
ஹோம்ஸ்டே நடத்தும் அஞ்சுவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறிப்போச்சு. "சேச்சி, அது மரியாதை இல்ல. பேடி" என்றாள். பேடி என்றால் மலையாளத்தில் பயம்.
கோலத்தைப் பார்த்து என்ன பயம்? ஜெர்மனியில் ஒரு கூட்டம் இந்த அடையாளத்தைக் கொடியில் போட்டுக்கொண்டு யூதர்களைக் கொன்று குவித்ததாம். இந்த அம்மாவுடைய தாய் வீட்டில் மட்டும் ஏழு பேர். அதனால் பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டுமாம்.
எவனோ செஞ்ச பாவத்துக்கு எம்புள்ள கோலம் என்ன செய்யும்? பிள்ளையாருக்குப் போடுறது அது. அவ கை பட்டதுன்னு எனக்கு வேற என்ன இருக்கு? அழிச்சா நான் வேலைக்கு வரமாட்டேன் — அப்படியே சொல்லிட்டேன். சுக்குக் காப்பியும் போடல.

ஜனவரி 20
அது யார் போட்டது, அவள் இப்போது இல்லை என்பதை எல்லாம் அஞ்சு அவரிடம் சொல்லிவிட்டாள். அழிக்க வேண்டாம், நான் சமையல்கட்டு வழியாகப் போய்க்கொள்கிறேன் என்றாராம் அந்த அம்மா.
நான் நினைத்தபடிதான் ஆயிற்று. அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை?

ஜனவரி 22
பின்பக்கம் பதினொரு படி. எல்லாம் பாசி. ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கி இறங்குகிறார். நான் அடுப்படியில் நின்று பார்க்கிறேன்.
அந்த ஏழு பேர் போட்டோ இருக்கிறதா என்று அஞ்சுவை விட்டுக் கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம். என் போனில் மாரீஸ்வரி போட்டோ நாற்பதுக்கு மேல் கிடக்கிறது. வேறு என்ன இருக்கு என்று அன்றைக்கு எழுதினேனே, அது பொய்.

ஜனவரி 23
அந்தக் கோலம் கெட்டது இல்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அதைப் பார்த்தால் அந்த அம்மாவுக்குக் குலை நடுங்குகிறது. அதுவும் நடிப்பு இல்லை. இரண்டும் எப்படி நிஜமாக இருக்கும்?

ஜனவரி 24
பெயிண்ட் டப்பாவை நானே கேட்டு வாங்கினேன். ஆள் வைத்து அடிக்கலாம் என்றாள் அஞ்சு. வேறு ஆள் கை படக் கூடாது என்றேன். முதலில் சுற்றியிருந்த புள்ளிகள். அப்புறம் சுவஸ்திக்கின் ஒவ்வொரு காலாக. கடைசிக் காலுக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். பிரஷ் விலகிச் சுவரில் பட்டுவிட்டது. துடைத்தேன்.

ஜனவரி 26
ரூத்தம்மா கிளம்பினார். முன்படியில் நின்று தரையையே பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். அஞ்சு பக்கத்தில் இல்லை, எனக்குப் புரியவில்லை. "பாத்துப் போங்கம்மா" என்றேன்.

ஜனவரி 27
காலையில் என் வாசலைத் தெளித்து, அரிசி மாவில் சுவஸ்திக் போட்டேன். பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் குடத்தோடு நின்றாள். "ஏட்டி சின்னத்தாயி, வருசம் திரும்பலியே. அதுக்குள்ள கோலமா?"
"இது அவ கோலம்க்கா" என்றேன்.
மாரீஸ்வரி போட்டதில் ஒரு கால் கோணலாக இருக்கும். அப்படியே இழுக்கப் பார்த்தேன். என் கைக்கு வரவில்லை.