எடை பார்க்க வராதவள்

தங்கச்சி,

நீ விலகவில்லை, உன்னை விலக்கினார்கள். ஜூடோ சங்கத்துப் பதிவேட்டில் உன் பெயருக்கு நேரே ‘எடை பார்க்க வரவில்லை, தானாக விலகினார்’ என்று எழுதியது பொய். அந்தப் பொய்க்கு வழி செய்து கொடுத்தவன் நான்.

இன்று உன் பெட்டியைத் திறந்து ஜூடோ சட்டையை வெயிலில் போட்டேன். கோணி மாதிரித் தடித்த துணி. பாச்சை உருண்டை வாசத்துக்கு அடியில் உன் வியர்வை இன்னும் இருக்கிறது. முதுகில் தைத்த நாட்டின் பெயரில் ஓர் எழுத்து நூல் பிரிந்து தொங்குகிறது.

அந்தச் சட்டையோடு இரண்டு முறை வெளிநாடு போனாய். இரண்டாம் முறை வெண்கலத்தோடு வந்தாய். நீ வென்றதை நம்பாத என்னைக் களத்து வைக்கோலில் தூக்கிப் போட்டுக் காட்டினாய். நான் விறைப்பாக விழுந்து தோள் பிசகியது. “வெறைச்சிக்கினு நின்னா அடி ஜாஸ்திண்ணே. மொதல்ல வுழக் கத்துக்க” என்றாய்.

மூன்றாம் பயணத்துக்கான தேர்வு சென்னையில். அதே வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டு நாங்கள் சாலையில் இறங்கினோம். புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்ததில் என் கோடரியும் உண்டு. நீ ஒரு பால் வண்டியில் வந்து இறங்கினாய்.

“ஓரத்துக் கெளைய இழுத்தா வண்டி போயிடும். நாளைக்குக் காலைல எடை பாக்குறாங்க, அதுக்கு இல்லன்னா போட்டியில சேக்க மாட்டாங்க. வழி வுடுண்ணே.”

“உன் தங்கச்சின்னா தனி ரோடாண்ணே?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். எனக்கு அது போதுமாக இருந்தது.

“யாருக்கும் வழி கெடையாது” என்றேன்.

நீ கெஞ்சவில்லை. கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர் சொம்பை நீட்டினார். “வேணாங்க, எடை ஏறிடும்.”

“நீ இன்னாம்மா, கரும்பு லோடா? எடை போட்டு அனுப்ப!” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெறும் வயிற்றோடு மரத்தைத் தாண்டி நடந்தாய். வழியெல்லாம் மரம். ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாய். சாலை அடைபட்டதைச் சொன்னபோது, “மத்தவங்க வந்தாங்களே” என்றாராம் அதிகாரி. அதன்பின் உன்னை அவர்கள் கூப்பிடவே இல்லை. கரியாலூரில் ஒரு விடுதியில் சமைத்துச் சமைத்தே உன் காலம் முடிந்தது.

போராட்டம் நியாயம்தான். அதில் கிடைத்த இடத்தில்தான் என் மகன் படித்தான். அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஒரு கிளையை இழுத்து விட்டிருந்தால் அந்த நியாயம் குறைந்திருக்காது. நீ இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் கேட்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். சங்கத்தார் அந்த வரியை அடித்துவிட்டு, ‘வந்தார், சாலை அடைத்திருந்தது’ என்று எழுத வேண்டும். “மத்தவங்க வந்தாங்களே” என்றவர் உயிரோடு இருந்தால் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அன்று சிரித்தவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். சங்கத்துக்கு நான் எழுதும் மனுவை என் மகன் தட்டச்சு செய்து தர வேண்டும். பிழையைத் திருத்தட்டும், சொல்லை மாற்றக் கூடாது. மரத்தைச் சாய்த்தது யார் என்ற இடத்தில் என் பெயரை என் கையாலேயே நான் எழுத வேண்டும்.