பச்சைச் சாற்றுக்கு வைத்த ஐஸ்

பக்கத்து வீட்டில் இன்று காலை வேனல் கட்டிக்குப் பற்றுப் போடப் பசலைக்கீரையை அரைத்தார்கள். அந்த வாடை மதில் தாண்டி வந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகம் இல்லை. நீங்கள் போய் ஒரு வருஷமாகப் போகிறது, இன்னும் உங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

காலேஜில் தாவரவியல் வாத்தியார் நீங்கள். யுத்தம் நடந்த அந்தக் கோடையில் உங்களைப் பிடித்திருந்த பைத்தியம் பசலைக்கீரைதான். இலையை இடித்து, துணியில் வடித்து, ஏதோ உப்பைக் கலந்து வெயிலில் காட்டினால், செடியே இல்லாமல் அந்தச் சாறு பிராணவாயுவை விடும் என்று சீமையில் யாரோ கண்டிருந்தார்களாம். அதை இங்கேயும் செய்து காட்டியாக வேண்டும் உங்களுக்கு. "இலைக்குள்ள மெல்லிசா சவ்வு இருக்குளா. அதுலதான் பச்சையமும் புரதமும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. சூடு பட்டா கெட்டுரும்" என்பீர்கள். தூத்துக்குடி வெயிலில் எதுதான் கெடாது? ஒவ்வொரு தடவையும் சாறு பழுப்பாகிப் போனது.

அப்போதுதான் நம் எஸ்தருக்கு டைபாய்டு கண்டது. ஆறு வயசுப் பிள்ளை. தலையில் ஐஸ் வைக்காவிட்டால் தங்காது என்றார் டாக்டர். ஐஸெல்லாம் துறைமுகத்துக் கப்பல்களுக்கே போய்க்கொண்டிருந்த காலம். டாக்டர் சீட்டைக் காட்டிக் கெஞ்சி, மரத்தூள் ஒட்டிய ஒரு பாளத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். நான் துணியோடு காத்திருந்தேன். நீங்கள் பாளத்தை உடைத்து வாளியில் போட்டு, சாற்றுக் குப்பியை அதில் இறக்கினீர்கள்.

"அப்ப பிள்ளைக்கு?"

"ஈரத்துணி போடு. மனுஷ உடம்பு தாங்கும்ளா. இது தாங்காது."

வாளியைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டீர்கள்.

கட்டிலில் கிடந்தபடி எஸ்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சாறுக்கும் காய்ச்சலாப்பா?" என்று கேட்டாள். உங்கள் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். நீங்கள் குப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மத்தியானம் முற்றத்திலிருந்து உங்கள் சிரிப்புக் கேட்டது. "சாறு மூச்சு விடுது ஏளா, வந்து பாரு." நான் வரவில்லை. என் கைக்குள் அவள் கை கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடியுமுன் போய்விட்டாள்.

போன சித்திரையில் உங்கள் நெஞ்சு நின்றபோது, மெத்தப் படித்தவர், தங்கமான மனுஷர் என்று ஊரே சொல்லிற்று. சொல்லிவிட்டுப் போகட்டும். கொழும்பிலிருந்து உங்கள் தம்பி கப்பலில் வந்து சேரும்வரை உடலை ஐஸில் வைக்கலாம், இப்போது ஐஸுக்குப் பஞ்சமில்லை என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. மனுஷ உடம்பு தாங்கும்" என்றேன்.

தாங்கவில்லை. சாயங்காலமே பெட்டியை மூட வேண்டியதாயிற்று. முகம் பார்க்க வந்த தம்பி மண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

எஸ்தர் கேட்ட கேள்வியைத்தான் இறக்கி வைக்க இடமில்லாமல் வைத்திருக்கிறேன். அங்கே அவளைப் பார்த்தால், முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.