பாதி தூரம் தாங்கும் பேட்டரி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

இந்த வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வதோடு, மாலையில் காருக்குச் சார்ஜ் போடுவதும் என் வேலைதான். கரண்டிலும் பெட்ரோலிலும் ஓடும் பழைய கார் அது. முன்பெல்லாம் வீட்டுக்கார அக்கா ஆபீஸ் போய்வரக் கரண்டே போதும். இப்போது பாதி வழியிலேயே பெட்ரோல் எஞ்சின் உறுமுகிறதாம்.

“பிளக்கைச் சொருகுனியா, இல்ல கனவு கண்டுட்டு நின்னியா? இதுகூட முடியலன்னா ஊருக்கே போயிடு” என்றார் அக்கா. தினமும் சொருகினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சார்ஜ் நிறைந்து பச்சை விளக்கு எரியும்வரை காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்படியும் எஞ்சின் உறுமியது.

நேற்று மெக்கானிக் வந்து பார்த்தார். “பொண்ணு மேல தப்பில்லம்மா. பேட்டரிக்கு வயசாயிடுச்சு. முழுசா ஏத்துனாலும் பாதி தூரம்தான் தாங்கும்” என்றார்.

“போட்டேன்னு சொல்றதுக்கென்ன, வாயில பூட்டா?” என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். இனி பயமில்லை, நீ கவலைப்படாதே.

பாப்பா எழுந்துவிட்டாள், நான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். நான் பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே அம்மா. எனக்குப் பேச்சு வரக் கொஞ்ச நேரமாகும்.

உன் மகள்