ஏரியை இரண்டு முறை கேட்ட வரி

அழிக்கப்போகும் வரிகளைத் திரை சிவப்பில் காட்டும் என்பது உனக்குத் தெரியும். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலையில் கணினியைத் திறந்தேன். என் பரிசீலனைக்கு ஒரு பேட்ச், அதாவது நிரலில் செய்யவேண்டிய திருத்தம், வந்திருந்தது. திரை முழுக்கச் சிவப்பு. அத்தனையும் நீ எழுதிய வரிகள்.

அனுப்பியவர் யாரோ தூர தேசத்துக்காரர், முன்பின் பழக்கமில்லாதவர். நீர்மட்டம் அளக்கும் சென்சாருக்காகக் கர்னலில் நீ எழுதிய நிரலைச் சீரமைத்திருந்தார். செய்கிற வேலை மாறாது, அமைப்பு மட்டும்தான் மாறும் என்று குறிப்பு வைத்திருந்தார். கர்னல் என்றால் என்னவென்று உன் அப்பா, நைனா, ஒருமுறை கேட்டபோது, "கம்ப்யூட்டர்ல மேல எது ஓடினாலும் அடியில கெடந்து தாங்குது பாரு, அது" என்றாய். அந்த அடியாழத்தில் உனக்கென்று ஒரு சின்னக் கோப்பு இருந்தது. ஒன்றுபோலவே இருந்த உன் மூன்று ஃபங்ஷன்களை, மூன்று நிரல் துண்டுகளை, அவர் ஒன்றாக்கியிருந்தார். நிரல் பாதியாகச் சுருங்கியிருந்தது.

படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. நன்றாக எழுதியிருந்தார், அதனால்தான் கோபம். 'ஏற்க இயலாது' என்று தட்டச்சு செய்தேன். காரணம் சொல்லவேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. நீ எழுதியது என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. அடித்ததை அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி நிதானமாகப் படித்தேன்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஏரியின் அளவை நீ சென்சாரிடம் இரண்டு முறை கேட்பாய். முதல் பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்வாய். முதல் கேள்வி வீண் என்று அவர் நீக்கியிருந்தார்.

அந்த வரிக்காகத்தானே நாம் சண்டை போட்டோம். கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை எடுத்து, எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த காலம். குரங்குகள் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டால் இருவருக்கும் அன்றைக்கு லீவு. கல்லூரியிலிருந்தே ஒன்றாக வந்தவர்கள் நாம். இருந்தாலும் கர்னலில் அந்தப் பகுதிக்குப் பரிசீலகர் நான், நிரலை அனுப்புகிறவள் நீ. 'காரணம் சொல்லப்படாத வரியை ஏற்கமாட்டேன்' என்று உலகமே படிக்கும் மின்னஞ்சல் குழுவில் நான் பதில் போட்டேன். தோழி என்று சலுகை காட்டியதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு.

நீ திரையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "எதிர்ல உக்காந்துனு இருக்கறவள ஒரு வார்த்த கேக்காம, ஊர் பூரா தெரியறாப்ல எழுதிட்டியேடி" என்றாய். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனவள் பதினோரு நாள் வரவில்லை. நான் போனும் செய்யவில்லை.

பன்னிரண்டாம் நாள் கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இறங்கி வந்தேன். "ஏறு" என்றாய். பனமலைக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தச் சின்ன ஏரிக்கு அழைத்துப்போனாய். மதகுக்கு மேலே உன் பெட்டி இருந்தது. தண்ணீர் ஏறினால், ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கும் ஆயக்கட்டுக்காரர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும் பெட்டி. கரண்டை நிறுத்தி, மறுபடி போட்டுக் காட்டினாய். முதல் அளவு கன்னாபின்னாவென்று வந்தது, இரண்டாவது சரியாக வந்தது. அந்த முதல் அளவை நம்பி யாராவது மதகைத் திறந்துவிட்டால் கோடைக்கு வைத்திருக்கும் தண்ணீர் போய்விடும் என்றாய்.

அன்றைக்கே உன் வரியை ஏற்றுக்கொண்டேன். காரணத்தையும் பக்கத்தில் குறிப்பாக எழுதிவிடு என்றேன். "நீதான் பாத்துட்ட இல்ல, நீயே எழுது" என்றாய். கோபம் அப்போதும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சரி, அப்புறம் எழுதுகிறேன் என்றேன். எழுதவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஐந்தாம் நாள் உன்னை எடுத்துப்போனார்கள்.

அந்த வரியை வைத்துக்கொள்ளும்படி தூர தேசத்துக்காரருக்கு எழுதினேன். பணிவாகத்தான் பதில் வந்தது. காரணம் எங்குமே எழுதப்படவில்லை, தன் மேசையில் சோதித்தபோதும் தவறேதும் வரவில்லை என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. எழுதாமல் விட்டவள் நான்.

உன் வீட்டுக்குப் போனேன். காரியம் முடிந்த பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. நைனா வாசலில் நின்றிருந்தார். "இன்னாம்மா, இப்பதான் வழி தெரிஞ்சிதா" என்றார். குற்றமாக அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது. வந்த விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஓடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை நைனா போய்த் துடைக்கிறார். "பூச்சி கூடு கட்னா தப்பா சொல்லும்னு சொல்லிக்கினே இருப்பா. அதான் தொடச்சி வெக்கிறேன்" என்றார். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

தூர தேசத்துக்காரரின் புதிய நிரலைப் பெட்டியில் ஏற்றிக் கரண்டை நிறுத்திப் போட்டேன். அளவு சரியாக வந்தது. மறுபடி செய்தேன், அப்போதும் சரி. ஐந்தாவது முறையும் சரியாகவே வந்தது. அன்றைக்கு நீ காட்டியது தற்செயலோ, உன் மேலிருந்த பிரியத்தில் நான்தான் எதையோ பார்த்ததாக நினைத்துவிட்டேனோ என்று தோன்றியது. உன் நைனா முன்னால் அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

அவர் கரையில் குந்தியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்டி ஒடனே ஒடனே போட மாட்டாம்மா. நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிடுவா. வந்துதான் போடுவா" என்றார்.

அன்றைக்கும் நிறுத்திவிட்டு என்னை டீக்கடைக்கு அழைத்துப்போனாய், சமாதானத்துக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாங்களும் டீக்கடைக்குப் போனோம். உனக்குச் சர்க்கரை அதிகம் வேண்டும் என்று கடைக்காரருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அரை மணி கழித்துத் திரும்பி வந்து கரண்டைப் போட்டேன். நைனாவும் ஆயக்கட்டுக்காரர்தான், அவர் சட்டைப்பையில் போன் ஒலித்தது. ஏரி நிரம்பிவிட்டதாகச் செய்தி. எதிரே பாதி ஏரி சேறாகக் கிடந்தது, அதில் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. நைனா போனையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நடந்ததையெல்லாம் தூர தேசத்துக்காரருக்கு எழுதி அனுப்பினேன். கரண்ட் வெகுநேரம் போய்த் திரும்பும்போதுதான் இது நிகழும், மேசையில் தெரியாது என்று விளக்கினேன். மறுநாளே அவர் திருத்தி அனுப்பினார். உன் முதல் கேள்வியைத் திரும்ப வைத்து, காரணத்தை மேலே மூன்று வரியில் எழுதி, கண்டுபிடித்தவள் என்று உன் பெயரைச் சேர்த்திருந்தார். மற்றபடி உன் மூன்று ஃபங்ஷன்களும் போய்விட்டன. ஒன்றாக்கியதே சரி. நீ இருந்திருந்தால் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டிருப்பாய். ஒப்புதல் அளித்தேன்.

நைனாவிடம் சொல்லப் போனேன். "அவ எழுதனது இருக்குதா, எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். நிறைய எடுத்துவிட்டார்கள், அவள் கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டார்கள் என்றேன்.

"பொட்டி ஓடுமில்ல?"

"ஓடும் நைனா."

"அப்ப சரி" என்றார்.

அந்த வாரமே உன் கோப்பில் மிச்சமிருப்பதற்கெல்லாம் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. சென்சார் விழித்தெழ முப்பத்தேழு மில்லிவினாடி காத்திருக்கச் சொல்கிறாய். சென்சாரோடு வந்த கையேடு இருபது போதும் என்கிறது. ஏன் முப்பத்தேழு? உன் நோட்டுகளைப் புரட்டினேன், பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். எங்கும் இல்லை. பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த எண் மனதில் ஓடுகிறது.

கடைசியில் அந்த வரிக்கு மேலே இப்படி எழுதிவைத்தேன்: 'இந்த எண்ணுக்குக் காரணம் தெரியவில்லை. எழுதியவள் காரணமில்லாமல் எழுதுகிறவள் அல்ல. மாற்ற நினைப்பவர்கள் ஏரிக்கரையில் சோதித்துவிட்டு மாற்றவும்.'