கிருத்திகை மாத்திரையும் வாழைக்காய்க் கஞ்சியும்

ஆடி 25, சனி
காற்று. முறத்தையே தூக்குகிறது. நேந்திரங்காய் வில்லைகளை வீட்டுக்குள் நிழலில் பரப்பினேன். பேத்திக்குக் கஞ்சிப் பொடி தீரப் போகிறது. நானே காயவைத்து, இடித்து, வேட்டித் துணியில் சலிக்கும் பொடி. என் ஆறு பிள்ளைகளின் வயிறும் அதில்தான் உரமானது. மலையாளச் சித்தூர்ப் பக்கம் இந்த நயம் யாருக்கும் வராது.

கிருத்திகை. பச்சைத் தண்ணீர் மட்டும். முழங்கால் மாத்திரை வழக்கம்போல் காலை ஒன்று, மாலை ஒன்று. மாத்திரை சோற்றில் சேராது, விரதம் கெடாது.

வயிற்றில் கங்கு வைத்த மாதிரி எரிச்சல். முருகா.

ஆடி 26, ஞாயிறு
வெளிக்குக் கருப்பாகப் போனது. தார் மாதிரி.

மருமகள் சரசு: "ஏனுங்க அத்தை, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?"

"காத்துல நின்னேன். உன்ற வேலையப் பாரு."

சொல்லவில்லை. சொன்னால் இனி விரதமே இருக்க விடமாட்டார்கள். சாவிக்கொத்தும் கை மாறும்.

கடையில் வாங்க: பசுவுக்குப் பிண்ணாக்கு, மல்லி, சீரகம்.

உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

ஆடி 27, திங்கள்
கிணற்றடியில் தலை சுற்றியது. சரசு பிடித்தாள், இல்லாவிட்டால் கிணற்றுக்குள். வெளிக்குக் கருப்பாகப் போனதைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவே இல்லை, அதுதான் பயம். வண்டி கட்டி ஆஸ்பத்திரி.

டாக்டர் மலையாளி, பாதித் தமிழ். "அம்மே, பட்டினியில இந்தக் குளிகையா? வயிற்றுச் சவ்வு புண்ணாயிட்டுது. கருப்புன்னா ரத்தமாக்கும்."

மாத்திரை நிறுத்தம். விரதம் நிறுத்தம். வெள்ளை மருந்து ஒரு குப்பி. இங்கேயே படுக்கை.

சரசு கேட்டாள்: "வாழைக்காப்பொடிக் கஞ்சி குடுக்கலாமுங்களா?"

"கொடுக்கலாம். பச்சைக்காயில ஏதோ சத்து, சவ்வைக் காக்கும்னு பரீட்சை நடக்குது. பழுத்தா அவ்வளவு இல்லை. உறுதி ஒண்ணுமில்லை. மருந்தை விடக்கூடாது."

பேத்தியின் கஞ்சி எனக்கா? பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள்: "பல்லு போனா எல்லாருங் கொழந்தைதானுங்கக்கா."

எனக்குப் பல் பாக்கி இருக்கிறது.

ஆடி 29, புதன்
நேற்று முழுக்கக் கஞ்சி டம்ளரைத் தள்ளினேன். மருந்து மட்டும். இன்று சரசு: "உங்க பொடிதானுங்க அத்தை. நல்லாயில்லீன்னாச் சொல்லிப்போடுங்க, பாப்பாவுக்கும் நிறுத்திப்போடறேன்."

என் பொடியையா! வாங்கிக் குடித்தேன்.

கருப்புக் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. எரிச்சல் இருக்கிறது. அடுத்த கிருத்திகைக்கு முருகனிடம் என்ன சொல்வது? அவளிடமே கேட்டேன்.

"உங்களுக்கும் சேத்து நானே ஒருசந்தி விரதம் இருந்துக்கறனுங்க. நீங்க இன்னொரு டம்ளரு குடிங்க."

டம்ளரை நீட்டினேன்.